டூம் படம்: விளையாட்டில் இருந்த பயம் எங்கே போனது?

கேள்வி: 'டூம் 3' (2004) வீடியோ கேம் தந்த நடுக்கம் 2005இல் வந்த 'டூம்' படத்தில் ஏன் இல்லை? இரண்டிலும் செவ்வாய் ஆய்வுக்கூடம், இருட்டு, படைவீரர்கள்தானே?

பதில்: டார்ச்சைக் கவனியுங்கள். விளையாட்டில் டார்ச் கையில் இருந்தால் சுட முடியாது. துப்பாக்கியை எடுத்தால் இருட்டு. எதை எடுப்பது என்று தவிக்கும் அந்த அரை நொடியில்தான் பயமே. படத்தில் துப்பாக்கியிலேயே விளக்கு, கூடவே ஒரு குழு. பிறகு எப்படிப் பயம் வரும்?

பதில்: விளையாட்டில் அரக்கர்கள் நரக வாசல் வழியே வருவார்கள். படத்தில் அதை எடுத்துவிட்டு, மனிதர்களையே அரக்கர்களாக்கும் 24ஆவது குரோமோசோம் ஜோடியை (நமக்கு இருப்பது 23 ஜோடிதான்) வைத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

பதில்: படத்தில் நாயகன் கண்வழியே ஓடும் சுமார் 5 நிமிடக் காட்சி அருமை. ஆனால் இந்த உத்தியில் தலைசுற்றும்: விளையாட்டில் திரும்புவது நம் கையில், திரையரங்கில் கேமரா தானாகத் திரும்புகிறது. திரும்பும் வேகத்தைக் குறைத்து, வெட்டுகளை (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது ஒட்டும் இடங்களை) கதவோ சுவர் மூலையோ கடக்கும் நொடியில் மறைக்க வேண்டும்.