பழைய டூம் மெகாவேட்கள்: எங்கே மாட்டும், எப்படி விடுபடும்

கொழிஞ்சாம்பாறை:
டூம் என்ற பழைய சுடும் கணினி விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கிய பழைய லெவல் தொகுப்புகளை (மெகாவேட்களை) நம் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் ஆடுகிறார்கள். வாளையாறு தொடங்கி கோவிந்தாபுரம் வரை பென்டிரைவில்தான் கைமாறுகிறது. அப்படிக் கைமாறும்போது லெவல்கள் அடங்கிய வேட் ஃபைல் மட்டும் வந்து சேருகிறது, கூடவே வர வேண்டிய டெக்ஸ்ட் ஃபைல் வழியில் உதிர்ந்துபோகிறது. பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பம். வேட் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுகிறார்கள், வேட்டில் ஒரு குறையும் இருக்காது. எந்த மூலவேட், எந்த எஞ்சின் (ஆட்டத்தை ஓட்டும் நிரல்) என்ற பொருத்தம் தப்பியிருக்கும், அவ்வளவுதான். அவரவர் பார்த்த கோளாறையும் அதற்கான தீர்வையும் இங்கே எழுதுங்கள். கட்டளைகளை நான் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக்ஸ்ட் ஃபைல். அந்தக் காலத்து வேட் எல்லாவற்றிலும் ஒரே அச்சில் இது இருக்கும். அதில் நான்கு வரி போதும்: எந்த கேம், எந்த மேப் எண், சிரமநிலை அமைத்திருக்கிறார்களா, தெரிந்த பிழைகள் என்ன. சிரமநிலை இல்லை என்று இருந்தால், சுலப நிலையைத் தேர்ந்தாலும் பூதங்களின் எண்ணிக்கை குறையாது. இது தெரியாமல் சுலபத்தில் போட்டுவிட்டு முதல் அறையிலேயே திரும்பத் திரும்பச் சாகிறார்கள்.

வேலந்தாவளம்:
அண்ணா சொன்ன மூலவேட் பொருத்தத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வேட் இரண்டு வகை. ஐவேட் என்பது விளையாட்டின் மூலம், பிவேட் என்பது அதன் மேல் ஏற்றும் ஒட்டு. முதல் டூமில் (1993) மேப் பெயர் இ1எம்1 (எபிசோட் 1, மேப் 1) என்று போகும். டூம் 2ல் (1994) மேப் 01 முதல் 32 வரை. இ1எம்1க்கு எழுதிய லெவலை டூம் 2 மூலத்தோடு ஏற்றினால் பிழைச் செய்தி எதுவும் வராது. பழைய மேப் 01 எப்போதும் போலத் திறந்துகொள்ளும், புது லெவல் கண்ணிலேயே படாது. டூம் 2க்கானதை முதல் டூமில் ஏற்றினாலும் இதே கதைதான். மேப் பெயரை மட்டும் மாற்றி ஏற்றிப் பார்க்கிறவர்களுக்கு டெக்ஸ்சர் (சுவர்ப் படம்) கிடைக்கவில்லை என்று எஞ்சின் நின்றுவிடும், ஏனென்றால் டூம் 2ன் செங்கல் சுவர்கள் பலவும் முதல் டூமில் கிடையாது.

மூலத்தின் அளவையும் பைட் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். டூம் 2, பதிப்பு 1.9 என்றால் 1,46,04,584 பைட். 1,46,91,821 என்று காட்டினால் அது டூம் 3ன் மறுபதிப்பான பிஎஃப்ஜி எடிஷனோடு வந்தது. மருந்துப் பெட்டியின் சிவப்புச் சிலுவை முதற்கொண்டு சில படங்களை அதில் மாற்றியிருக்கிறார்கள். முகப்புப் படம், மெனு விஷயத்தில் பழைய எஞ்சின்கள் அதில் இடறும். முதல் டூமின் விரிவான பதிப்பான அல்டிமேட் டூம் 1,24,08,292. ஃபைனல் டூமில் வந்த இரண்டு மூலங்களில் டிஎன்டி 1,81,95,736. புளூட்டோனியா 1,74,20,824. ஃபைலை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மீனாட்சிபுரம்:
நம் ஊர்ப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளப் பள்ளிக்கூடங்களில் கைட் (கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வி நிறுவனம்) கொடுக்கும் உபுண்டு வழி லினக்ஸ் பழகிய பிள்ளைகள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு இலவச மடிக்கணினியில் விண்டோஸ். ஒருத்தர் கணினியில் ஓடிய தொகுப்பு இன்னொருத்தர் கணினியில் ஓடாது. காரணம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. டாஸ் காலத்து ஃபைல்பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். விண்டோஸுக்கு அதில் வித்தியாசம் கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. கட்டளையில் சின்ன எழுத்தில் அடித்தால் ஃபைல் இல்லை என்றே சொல்லும். எல்லா ஃபைலையும் சின்ன எழுத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஓடும்.

காசு கொடுத்து வாங்கிய மூலம் இல்லாதவர்களுக்கு ஃப்ரீடூம் இருக்கிறது. முற்றிலும் சுதந்திர உரிமத்தில் வருவது. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃப்ரீடூம் கிரிஸ்பி-டூம்' என்று ஒரே வரியில் எஞ்சினும் மூலமும் இறங்கிவிடும். வேட்கள் போய் உட்காரும் இடம் /யூஎஸ்ஆர்/ஷேர்/கேம்ஸ்/டூம். ஃப்ரீடூம் 2 என்பதை டூம் 2க்கு மாற்றாகக் கொடுத்தால் பெரும்பாலான பழைய மெகாவேட்கள் ஓடும், ஏனென்றால் டெக்ஸ்சர் பெயர்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். பூதங்களின் உருவம் வேறாக இருக்கும், உயிர்ப்புள்ளியும் தாக்குதலும் அதேதான்.

கோபாலபுரம்:
எஞ்சின் விஷயம்தான் என் பங்கு. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

பழைய டாஸ் எஞ்சினுக்குச் சில வரம்புகள் உண்டு. ஒரே பார்வையில் தரை, கூரைப் பரப்புத் துண்டுகள் 128 வரைதான். தாண்டினால் 'நோ மோர் விஸ்பிளேன்ஸ்' என்று சொல்லிவிட்டு டாஸுக்கே திரும்பிவிடும். சுவர்த் துண்டுகள் 256க்கு மேல் போனால் சாகாது, மிஞ்சின சுவர்கள் வரையப்படாமல் முந்தின காட்சி அங்கே இழுபடும், கண்ணாடிக்குள் கண்ணாடி தெரிகிற மாதிரி. ஒரே சமயத்தில் ஏறி இறங்கும் மேடைகள் 30. சேமிப்பு ஃபைல் 1,80,224 பைட். பூதங்கள் நிறைந்த பெரிய மேப்பில் சேமிக்கப் போனால் இந்தக் கடைசி வரம்பில் முட்டி ஆட்டமே மூடிக்கொள்ளும்.

சாக்லேட் டூம் என்ற எஞ்சின் இந்த வரம்புகளை வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறது. அதில் ஒரு மேப் செத்தால் அது எஞ்சினின் குற்றம் இல்லை, அந்த மேப் வரம்பு நீக்கிய எஞ்சினுக்கு எழுதியது என்று அர்த்தம். கிரிஸ்பி டூமுக்கு மாறினால் சரியாகிவிடும். கிரிஸ்பியிலும் முதல் கதவே திறக்கவில்லை, சுவிட்ச் தட்டினால் அசைவே இல்லை என்றால் அது 1998ல் டீம்டிஎன்டி என்ற ரசிகர் குழு வெளியிட்ட பூம் எஞ்சினுக்கான மேப். அதன் கதவு, லிஃப்ட் எண்கள் கிரிஸ்பிக்குப் புரியாது. டிஎஸ்டிஏ-டூம் அல்லது பிஆர்பூம் பிளஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவற்றில் காம்ப்லெவல் என்று ஒரு எண் உண்டு, எந்தப் பழைய எஞ்சினைப் போல ஆட வேண்டும் என்று சொல்வது. டூம் 2 மெகாவேட் என்றால் 2, அல்டிமேட் டூம் என்றால் 3, டிஎன்டியும் புளூட்டோனியாவும் என்றால் 4, பூம் மேப் என்றால் 9. எண்ணை விட்டுவிட்டாலும் ஆட்டம் ஓடும், ஆனால் ஆட்டத்தின் குணம் மாறிவிடும். ஓர் உதாரணம்: பழைய எஞ்சினில் மேப்பில் 21 லாஸ்ட் சோல் (பறக்கும் மண்டையோட்டுப் பூதம்) இருந்தால், அவற்றைத் துப்பும் பெயின் எலிமென்டல் பூதம் மேற்கொண்டு ஒன்றும் துப்பாது. பூமில் அந்த வரம்பு இல்லை. பழைய மேப்பை 9ல் ஓட்டினால் லெவல் அமைத்தவர் நினைத்தே பார்க்காத கூட்டம் வந்து சூழும். ஜிப்போடு வரும் டெமோ ஃபைல் (ஒருவர் ஆடியதன் பதிவு) பாதியில் திசைமாறி, ஆள் சுவரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே நிற்பதும் இந்த எண் தப்புவதால்தான். 2, 3, 4 மூன்றுக்கும் டெமோவின் முதல் பைட் 109தான், அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜிஇசட்டூம் என்ற எஞ்சின் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குதிப்பதும் குனிவதும் அதில் ஏற்கெனவே திறந்தே கிடக்கும். பழைய மேப்பில் ஒரு குதி குதித்தால் சாவி தேட வேண்டிய பாதி லெவலைத் தாண்டிவிடலாம். இரண்டையும் அணைத்து, பொருத்த அமைப்பில் 'டூம் ஸ்ட்ரிக்ட்' வைத்தால்தான் நியாயமான ஆட்டம். ஓபன்ஜிஎல் 3.3 இல்லாத பழைய இன்டெல் சிப்பில் இது ஏறாமலும் போகலாம். இலவச மடிக்கணினிக்குக் கிரிஸ்பியே தாராளம்.

வண்ணாமடை:
ஒரு சந்தேகம்ங்க அண்ணா. மெமன்டோ மோரி மெகாவேட்டில் பாட்டு எல்லாம் டூம் 2ன் பழைய பாட்டாகவே வருது. தனிப் பாட்டு உண்டுன்னு சொல்றாங்களே?

கோபாலபுரம்:
உண்டு தம்பி. 1995ல் வந்த அந்தத் தொகுப்பில் எம்எம்.வேட், எம்எம்மஸ்.வேட் என்று இரண்டு ஃபைல். பாட்டு இரண்டாவதில் இருக்கிறது. '-ஐவேட் டூம்2.வேட் -ஃபைல் எம்எம்.வேட் எம்எம்மஸ்.வேட்' என்று ஒரே -ஃபைலுக்குப் பின்னால் இரண்டையும் இடைவெளி விட்டு அடி. 1996ல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் இதேபோல் எம்எம்2, எம்எம்2மஸ். ஜிப்பில் .டெஹ் என்று முடிகிற ஃபைல் இருந்தால் அதை -ஃபைலில் கொடுக்கக் கூடாது, '-டெஹ்' என்று தனியாகக் கொடு. லெவல் பெயர்களும் இடையில் வரும் கதை வரிகளும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். பூத உருவங்களை மாற்றும் வேட்டைச் சாக்லேட் டூமில் -ஃபைல் போட்டால் பழைய உருவமே தெரியும், அங்கே '-மெர்ஜ்' போட வேண்டும்.

வேலந்தாவளம்:
1995 கடைசியில் வந்த மாஸ்டர் லெவல்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது 32 மேப் அடுக்கிய மெகாவேட் கிடையாது, தனித்தனி ஃபைல்கள். பல ஃபைல் மேப் 01லேயே உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால் கடைசியாகச் சொன்னது மட்டும் நிற்கும், மற்றது மறைந்துபோகும். ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும். மேப் 01 இல்லாதவற்றுக்கு, மேப் எண்ணுக்கு நேரே தாவும் '-வார்ப்' தேவை, உதாரணத்துக்கு: மைனாஸ் 05, ஜெரியன் 08, பிளாக் டவர் 25, டீத் 31.

வண்ணாமடை:
டிஎன்டி எவிலூஷன் ஆடுகிறவர்கள் மேப் 31, 'ஃபாரோ'வில் மாட்டுவதைப் பார்க்கிறேன். 1996ல் ஃபைனல் டூமோடு வந்த மூலப் பதிப்பில் அங்கே மஞ்சள் சாவி கிடைக்காது. எத்தனை சுற்றினாலும் இல்லை, ஏனென்றால் அந்தச் சாவியில் பலர் ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் என்று குறி விழுந்துவிட்டது. டீம்டிஎன்டியே பிறகு அந்த மேப்புக்கு ஒட்டு வேட் கொடுத்தது.

ஒட்டு கையில் இல்லாதவர்கள் ஸ்லேட் என்ற வேட் எடிட்டரில் தாங்களே சரிசெய்யலாம். மேப் 31ஐத் தனி வேட்டாக எடுத்து வைத்துக்கொண்டு அதில்தான் கை வைக்க வேண்டும், மூலத்தில் வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் 10 பைட்: எக்ஸ், ஒய், கோணம், வகை எண், குறி, ஒவ்வொன்றும் 2 பைட். குறியில் சுலபத்துக்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடினத்துக்கு 4, பலர் ஆட்டத்துக்கு 16. அந்த 16ஐ எடுத்துவிட்டால் சாவி வந்துவிடும். குறியைத் தொட்டால் நோட் (எஞ்சின் மேப்பை வரையப் பயன்படுத்தும் பிரிவுப் பட்டியல்) மறுபடி கட்ட வேண்டியதில்லை. சுவரையோ மூலைப் புள்ளியையோ நகர்த்தினால்தான் நோட் கட்ட வேண்டும், கட்டாமல் விட்டால் சுவர்கள் கிழிந்து தெரியும். அவசரத்துக்கு ஐடிகேஎஃப்ஏ என்ற ஏமாற்றுக் குறியீட்டை அடித்தால் எல்லாச் சாவியும் வரும், ஆனால் எல்லா ஆயுதமும் 200 கவசமும் சேர்ந்து வந்து லெவலின் உயிரையே எடுத்துவிடும்.

கோவிந்தாபுரம்:
ஆட்டத்துக்குள் எதிர்ப்படுவதையும் சொல்ல வேண்டும் இல்லையா. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்கைத் என்ற மெகாவேட்டில் தொடங்குங்கள். 2003ல் எரிக் ஆல்ம் வெளியிட்டது. முதல் 10 மேப் மிகச் சின்னது, போகப் போகத்தான் கை நடுங்கும். 1997ல் வந்த ஹெல் ரிவீல்டை முதலில் எடுக்காதீர்கள். அதன் மேப் 24, 'போஸ்ட் மார்ட்டம்', கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கானது. எடர்னல் டூம் வேறு குணம், கோட்டையும் சுவிட்சுமாகப் பொறுமையைச் சோதிக்கும்.

செத்த பூதங்களை எழுப்பும் ஆர்ச்வைலுக்கு 700 உயிர். அது கை தூக்கியதும் நம் மேல் தீ எரியும், ஆனால் அடி விழுவது அந்தத் தீ முடியும் நொடியில்தான். அந்த நொடியில் தூணுக்குப் பின்னால் இருந்தால் ஒன்றும் ஆகாது. வெட்டவெளியில் மாட்டினால் 20, அதன்மேல் வெடிப்புக்கு 70 வரை. ஓடி ஒளிவதற்குத் தூண் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் சுட ஆரம்பிக்க வேண்டும். ரெவனன்டின் ஏவுகணையில் புகை விட்டு வருவதுதான் துரத்தும், புகையில்லாதது நேரே போகும். புகையுள்ளதை மட்டும் சுவரோரம் கொண்டுபோய் மோத விடுங்கள்.

ஆர்ச்வைல் இருக்கும் அறையில் பிணத்தின் மேல் கதவை மூட விடாதீர்கள். நசுங்கிய பிணத்தை அது எழுப்பினால், எழுவதற்கு அகலமும் உயரமும் பூஜ்யம். சுவருக்குள் புகுந்து வரும், குண்டு எதுவும் படாது. ராக்கெட்டின் வெடிப்பு ஒன்றுதான் அதைத் தொடும். சுவரில் ராக்கெட் அடித்து வெடிப்பில் சாகடிக்கலாம், நாம் தள்ளி நின்றால்.

சைபர்டீமனுக்கு 4000 உயிர், வெடிப்பு அதை ஒன்றும் செய்யாது, ராக்கெட் நேராகப் பட்டால்தான் உண்டு. பக்கத்தில் பேரன் ஆஃப் ஹெல் பூதங்கள் இருந்தால் சைபருக்கும் அவற்றுக்கும் நடுவில் ஓடி சண்டை மூட்டி விடுங்கள், தோட்டா மிச்சம். பேரனும் ஹெல் நைட்டும் ஒன்றின் நெருப்பு ஒன்றைத் தொடாது, அவற்றுக்குள் சண்டை மூட்ட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எந்த மெகாவேட்டிலும் மேப் 07ல் மேன்குபஸ் எல்லாம் செத்தால்தான் 666 எண் இட்ட தரை இறங்கும், அரக்னோட்ரான் எல்லாம் செத்தால் 667 ஏறும். எல்லாம் முடிந்தும் வழி திறக்கவில்லை என்றால் ஒன்று எங்கோ மூலையில் சிக்கியிருக்கிறது. வரைபடத்தைத் திறந்து ஐடிடிடி என்ற ஏமாற்றுக் குறியீட்டை இரண்டு முறை அடித்தால் இருக்கும் இடம் தெரியும்.

ஏலியன் வென்டட்டாவின் மேப் 20, 'மிஸ்ரி ஹாலெக்', எகிப்திய பிரமிடுக்குள் நடக்கும் பெரிய மேப். கோடையில் சாயங்காலம் இடிமழை வந்து கரன்ட் போகிற நேரத்தில் பேட்டரி செத்த மடிக்கணினியில் அதைத் தொடங்காதீர்கள். தொடங்கினாலும் ஒவ்வொரு சாவி எடுத்ததும் வேறு வேறு இடத்தில் சேமியுங்கள். டாஸ் எஞ்சினில் சேமிப்பு இடம் ஆறுதான், எந்த வேட்டில் சேமித்தது என்பதையும் அது எழுதி வைக்காது. ஒரு மெகாவேட்டின் சேமிப்பை இன்னொன்றில் திறந்தால் பொருள்கள் சுவருக்குள் கிடக்கும், இல்லை ஆட்டமே விழும். மெகாவேட்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து, எஞ்சினையும் மூலத்தையும் அந்தந்த டெக்ஸ்ட் ஃபைலையும் அதற்குள்ளேயே வைத்து, பென்டிரைவில் கொடுக்கும்போது ஃபோல்டரோடு கொடுங்கள்.