203 டிஸ்க் போட்டா 27 சதவீதம் சீக்கிரம் நிக்குமாம்ல!

காட்பாடி கட்டவண்டி:
நேத்து நம்ம சைக்கிள் வாட்ஸப் குரூப்ல ஒருத்தரு போட்டிருந்தாரு, இ-சைக்கிள் பிரேக்ல 160 மில்லிமீட்டர் விட்டம் இருக்கற டிஸ்க்க கழட்டிட்டு 203 மாட்டுனா வண்டி 27 சதவீதம் சீக்கிரம் நிக்குமாம். அத படிச்சதுல இருந்து எனக்கு டீ எறங்கல. 203ஐ 160ஆல வகுத்தா 1.27 வருது, சரி, கால்குலேட்டர் எங்க ஊட்லயும் கீது. ஆனா அது லீவர்ல அதே அழுத்து அழுத்துனா சக்கரத்துல எவ்ளோ பிடி ஏறும்ன்ற கணக்கு. வண்டி எங்க போய் நிக்கும்ன்றது டயரும் ரோடும் பேசி முடிவு பண்ற விஷயம். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்ல லாரி சிந்திட்டுப் போன மணல் மேல வந்து பிரேக் புடிச்சிப் பாருங்க, சாப்பாட்டு தட்டு சைஸ்ல டிஸ்க் போட்டாலும் வழுக்கிகினுதான் போவும்.

ஸ்போக் மாமா:
அந்த ஒருத்தரு நான்தான். பேர சொல்லியே எழுதியிருக்கலாம், வேலூர் வெயில்ல இதுக்கெல்லாம் யாரும் கொதிக்க மாட்டாங்க. போன மாசம் முன்னாடி 203 மாட்டுனேன். ரெண்டு வெரலு போட்டு இழுத்த லீவரு இப்ப ஒரு வெரலுக்கு அடங்குது. காட்பாடி மேம்பாலம் எறங்கறப்ப ஆட்டோக்காரரு சடார்னு நிறுத்துனாரு, நானும் நின்னேன், பழைய டிஸ்க்கா இருந்தா ஆட்டோவுக்குள்ள சீட்டு புடிச்சிருப்பேன். கணக்கு கணக்குதான் தம்பி. 27.

காட்பாடி கட்டவண்டி:
நின்னீங்க, சந்தோஷம். அந்த 27 எங்க நின்னுது? டேப் வச்சி அளந்தீங்களா? அப்புறம் எனக்கு 51 வயசு, தம்பி கிம்பின்னாம கூப்பிடுங்க.

ஸ்போக் மாமா:
எனக்கு 58. தம்பிதான்.

தொரப்பாடி புதுசு:
அண்ணா ஒரு சந்தேகம். என்னுது பின்சக்கர ஹப் மோட்டார், அதாவது சக்கரத்து நடுவுலயே இருக்கற மோட்டார், 250 வாட், முன்னாடி பின்னாடி ரெண்டும் 160, டிஸ்க்குக்கு ஆறு போல்ட், கேபிள் பிரேக். முன்னாடி மட்டும் 180 போடலாம்னு நெனைக்கிறேன். டிஸ்க் மட்டும் வாங்குனா போதுமா?

முள்ளு கத்திரிக்கா:
போதாது பா. டிஸ்க் 20 பெருசானா பேட வச்சி டிஸ்க்க கவ்வுற கேலிப்பர 10 மில்லிமீட்டர் வெளிய தள்ளணும், அதுக்கு அடாப்டர் தனியா வாங்கணும், வண்டியில இருக்கற மவுண்ட் எந்த வகைன்னு பாத்து வாங்கு. முன்சக்கரத்த புடிச்சிகினு இருக்கற ஃபோர்க் எந்த சைஸ் வரைக்கும் தாங்கும்னு அதோட புக்ல போட்டிருக்கும், அத பாக்காம 203க்கு போயிடாத. போல்ட்ட கழட்ட டி25 சாவி, அந்த நட்சத்திர முனை சாவி, நல்லதா வச்சிக்க. நான் மழுங்குன சாவிய போட்டு மூணாவது போல்ட்டோட பூவ பூரா தேய்ச்சிட்டேன், அப்புறம் ட்ரில் போட்டுத்தான் வெளிய வந்துச்சு, ஒரு ஞாயித்துக்கெழம பூரா போச்சு. புது டிஸ்க்க வெரலால தடவி பாக்காத, கை எண்ணெ பட்டாலே பிரேக் கத்தும்.

காட்பாடி கட்டவண்டி:
எண்ணென்னு சொன்னதும் ஞாபகம் வருது. போன வருஷம் செயினுக்கு தேங்கா எண்ணெ விடலாம்னு குரூப்ல பாடம் எடுத்தது யாரு? இதே ஸ்போக் மாமாதான். அத கேட்டு விட்ட பையனுக்கு பின்னாடி டிஸ்க்ல தெறிச்சி, பேடு எண்ணெ குடிச்சி, தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துச்சு, கடைசில பேட தூக்கிப் போட்டான். இப்ப அதே வாயில இருந்து 27.

ஸ்போக் மாமா:
டிஸ்க்ல விட சொன்னேனா? செயின்ல விட சொன்னேன். சொட்டு சொட்டா விடுன்னும் சொன்னேன். அவன் தோசைக்கு ஊத்தற மாதிரி ஊத்துனா நானா பொறுப்பு?

ஏலகிரி எறக்கம்:
ரெண்டு பேரும் முக்கியமான எடத்த விட்டுட்டு சண்ட போடறீங்க. சூடுதான் மேட்டரு. வண்டியும் ஆளும் சேத்து 100 கிலோன்னு வைங்க. 25 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரு தடவ நிறுத்தறதுக்கு சுமார் 2400 ஜூல். அதே ஆளு வேகம் ஏறாம 100 மீட்டர் உசரம் எறங்குனா 98,000 ஜூல், காத்து கொஞ்சம் எடுத்துக்கும், மிச்சம் பூரா டிஸ்க்குதான் திங்கணும். அதாவது நாப்பது தடவ நிறுத்தறத மூச்சு விடாம செய்யற மாதிரி. ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவு. நான் 160ல எறங்குனேன், எட்டாவது வளைவுல லீவரு ஹேண்டில தொட்டுடுச்சு, பேடு கருகுன வாசன, டிஸ்க்கு ஓரம் பூரா நீலமா மாறியிருந்துச்சு. பாட்டில் தண்ணிய ஊத்துனேன், சொய்ங்னு ஆவி வந்துச்சு, அது பெரிய தப்பு, டிஸ்க் கோணிகிச்சு. 180 போட்டப்புறம் அதே எறக்கம், வாசனையே இல்ல. வேலூர்ல இருக்கறவங்க ஒருக்கா வந்து எறங்கிப் பாருங்க, நம்ம மாவட்டம்தான.

ஜோலார்பேட்ட ஜங்சன்:
எது நம்ம மாவட்டம்? 2019லயே திருப்பத்தூர் தனி மாவட்டம். ஏலகிரி எங்களுது. பில்லு மட்டும் எங்களுக்கு, பேரு வேலூருக்கா?

முள்ளு கத்திரிக்கா:
அப்படி பாத்தா 1989 வரைக்கும் திருவண்ணாமலையே வட ஆற்காட்டுலதான் இருந்துச்சு, நாங்க கேட்டமா?

ஜோலார்பேட்ட ஜங்சன்:
கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. எங்க ஸ்டேஷன் இல்லன்னா உங்க காட்பாடிக்கு கோயமுத்தூர் வண்டி எப்படி வரும்னு பாருங்க.

காட்பாடி கட்டவண்டி:
ரயில விடுங்க பா. ஏலகிரிக்காரரு சொல்றது நான் சொல்றதேதான், சூட்டுக்காக பெரிய டிஸ்க் போடு, வேணாம்னு எவன் சொன்னான்? என் வண்டியிலயே முன்னாடி 180தான் கீது. நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. வெறும் ரோட்ல, நேரா போயிகினு கீறப்ப, 160லயே சக்கரம் லாக் ஆவற அளவுக்கு பிடி இருந்தா, 203 போட்டு எந்த தூரத்த கொறைக்கப் போறீங்க? கேபிள் பிரேக்குல லீவரு தொளதொளன்னு இருந்தா மொதல்ல பேடு தேஞ்சிருக்கான்னு பாரு, கேபிள மாத்து, டிஸ்க் தடிமன் 1.8 மில்லிமீட்டர்ல இருந்து 1.5க்கு வந்துட்டா அத மாத்து. இத எதுவும் செய்யாம பெருசு மாட்டிகினு 27, 27ன்னு கோயில் மணி மாதிரி அடிக்கறது.

ஸ்போக் மாமா:
உங்க வண்டில 180ஆ? அப்ப உங்களுக்கு 12.5 சதவீதம் வருது, எனக்கு 27 வருது. அந்த எரிச்சல்தான் இவ்ளோ நேரமா.

காட்பாடி கட்டவண்டி:
பிடி வருதுய்யா, தூரம் கொறையல. பிடி வேற, தூரம் வேற. எழுதி ஒட்டணுமா?

ஸ்போக் மாமா:
பிடி ஏறுனா தூரம் கொறையும். எங்க பாட்டிக்கே தெரியும்.

ஏலகிரி எறக்கம்:
நான் சூடுன்னு சொன்னேன்...

தொரப்பாடி புதுசு:
அண்ணா, பிரேக் லீவர புடிச்சா மோட்டார் நிக்கற ஒயரு என்னுதுல வேல செய்யல. அதயும் சரி பண்ணணுமா, இல்ல 180 போட்டா போதுமா?

முள்ளு கத்திரிக்கா:
அய்யய்யோ, அத மொதல்ல பாரு பா! பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், மோட்டார் ஒரு பக்கம் தள்ளும். டிஸ்க் அப்புறம்.

ஸ்போக் மாமா:
203 இருந்தா மோட்டார் தள்ளுனாலும் நிக்கும். கட்டவண்டி, ஞாயித்துக்கெழம காலைல 6 மணிக்கு சர்வீஸ் ரோட்டுக்கு வாங்க. சாக்பீஸ்ல கோடு போடுவோம், 25ல வந்து புடிப்போம், யாரு எங்க நிக்கறாங்கன்னு பாப்போம்.

காட்பாடி கட்டவண்டி:
ரெண்டு வண்டி வேற, ரெண்டு டயர் வேற, உங்க எடையும் என் எடையும் வேற. அளந்தா என்ன தெரியும்? ஒரே வண்டில டிஸ்க்க மாத்தி மாத்தி போட்டு அளக்கணும். உங்க வண்டிய எடுத்துகினு வாங்க, பழைய 160ஐயும் அந்த அடாப்டரயும் எடுத்துகினு வாங்க.

ஸ்போக் மாமா:
160ஐ மச்சான் பையனுக்கு குடுத்துட்டேன். அவன் ஆம்பூர்ல இருக்கான்.

காட்பாடி கட்டவண்டி:
அதான பாத்தேன்.

ஜோலார்பேட்ட ஜங்சன்:
ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டம். சொல்லி வைக்கிறேன்.

ஸ்போக் மாமா:
அடுத்த வாரம் பிரியாணி சாப்ட போறப்ப வாங்கிட்டு வர்றேன். டேப் உங்க செலவு. 27.