மென்பவளத்தின் ‘ஷெட்டிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மொ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போருக்கான கையேட்டின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நலிந்த மென்பவளத்தைத் தேற்றும் பகுதியில் ஒரு சொல் இன்னும் அமையவில்லை. சார்கோஃபைட்டான், சினுலேரியா போன்ற தோல்பவளங்கள் (மென்பவளத்தில் ஒரு வகை) அவ்வப்போது பாலிப்புகளை, அதாவது பூப்போல விரியும் சிற்றுயிர்களை, உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கும். மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். சில நாளிலோ இரண்டு வாரத்திலோ அந்த மெல்லிய படலம் பாசியையும் தூசியையும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போகும். இதுதான் ‘ஷெட்டிங்’. ‘தோலுரிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். தகுமா?

நீ. எழுதியது:

தோலுரிப்பு வேண்டாம். பிரிவது மெழுகுப் படலம்தான். தோலே பிரிந்தால் அது நோய். அதைவிட, ‘உரிப்பு’ என்று படித்தவர் தாம்தான் உரிக்க வேண்டும் போலும் என்று பல்துலக்கியைக் கையில் எடுப்பார். தேய்த்தால் அடியிலுள்ள புதுத் திசு கிழியும், அழுகல் அங்கேதான் தொடங்கும். செய்ய வேண்டியது நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவது. பம்பு நேராகப் பவளத்தின்மேல் அடிக்கக் கூடாது. நீர் கண்ணாடியில் மோதித் திரும்பி வந்து, குடைபோன்ற தலை மெல்ல அசைந்தால் போதும். ஓட்டம் குறைந்தால் படலம் மடிப்புகளில் தங்கி அடித்திசுவைக் கெடுக்கும். பாதி பிரிந்து தொங்குவதைப் பிப்பெட்டால் நீர் பீய்ச்சித் தள்ளலாம், இழுக்கக் கூடாது. வடிகட்டியில் புது ஆக்டிவேட்டட் கார்பன் (உறிஞ்சும் கரி) போடுங்கள். தோல்பவளங்கள் நீரில் விடும் டெர்பீன்கள் என்ற வேதிப்பொருள்கள் பக்கத்துக் கல்பவளங்களை வாட்டும்.

இ. எழுதியது:

உரிதல் தன்வினை, உரித்தல் பிறவினை. முறிவு–முறிப்பு, விரிவு–விரிப்பு போல உரிவு–உரிப்பு. நீ. அவர்களின் அச்சத்துக்கு இலக்கணமே விடை சொல்கிறது: ‘உரிவு’. பொருநராற்றுப்படை மெல்லிய ஆடைக்கு அரவுரியை உவமை சொல்வதையும் எண்ணிப் பாருங்கள். இந்தப் படலத்தின் நேர்த்தியும் அப்படிப்பட்டதுதானே.

இன்னொன்று. ‘மென்பவள’த்தை ‘மென்துகிர்’ ஆக்க வேண்டும். புறநானூறு 218-இல் பொன்னோடும் முத்தோடும் சேர்ந்து வருவது துகிர், அதாவது பவளம். நகையில் பதிக்கும் செம்பவளத்தின் பாலிப்புக்கு எட்டுக் கைகள், மென்பவளத்துக்கும் எட்டு. பாறை கட்டும் கல்பவளங்களுக்கோ ஆறின் மடங்கு. பழந்தமிழர் துகிர் என்ற அணிகலனுக்கு உறவு மென்பவளமே. சொல்லும் உயிரியலும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது அரிது.

ம. எழுதியது:

ஐயா, பொருத்தம் அழகுதான். ஆனால் தொட்டியில் பவளம் சுருங்கிப் படுத்திருக்கும்போது பதறிப்போய்க் கையேட்டைத் திறப்பவர் துகிரைத் தேட மாட்டார். ‘சட்டை கழற்றல்’ என்று எழுதுங்கள். பாம்பு சட்டை கழற்றுவது குழந்தைக்கும் தெரியும். கேட்டதுமே, இது நோயில்லை, உள்ளே புதுசு இருக்கிறது என்று மனம் அமைதியாகும். அந்த அமைதிதான் இங்கே பாதி மருந்து.

நீ. எழுதியது:

பாம்புச் சட்டை பெரும்பாலும் முழுதாகக் கழலும், இது கந்தலாகப் போகும். அது சிறு குறை. இதன் எதிர்ச்சொல்லும் உடனே வேண்டும் என்பதே என் கவலை, ஏனென்றால் வாசகர் குழம்புவது இரண்டுக்கும் நடுவில். படலம் பிரியும்போது தலை முழுவதும் ஒரே சீராக மங்கும், தண்டு விறைப்பாக இருக்கும், நாற்றம் இராது. திசு அழியும்போது ஓரிடத்தில் மட்டும் பழுப்போ கறுப்போ தெரியும், தொட்டால் கூழாகும், நீரிலிருந்து எடுத்தால் அழுகிய வாடை வரும். இதற்குச் ‘சதைக்கரைவு’ என்று வைக்கலாம்.

முன்னதில் கை வைக்கக் கூடாது. பின்னதில் காத்திருக்கக் கூடாது. தொட்டி நீர் நிரப்பிய தனி வாளியில் வைத்து, கூரிய பிளேடால் கெட்ட பகுதியை, நல்ல திசுவில் 1 செ.மீ. உள்ளே வரை சேர்த்து வெட்டுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பிறகு பவளத்துக்கென விற்கும் அயோடின் கரைசலைப் புட்டியில் சொன்ன அளவில் தொட்டி நீரில் கலந்து, அதில் சொன்ன நேரம் மட்டும் வைத்து, சுத்தமான உப்புநீரில் அலசித் திருப்பி வையுங்கள். அந்த வாளி நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அதோடு காரணத்தையும் தேடுங்கள். உப்புச் செறிவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25–26 பாகை செல்சியஸ், காரத்தன்மை 8–9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), நைட்ரேட் 5–10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5–10 பங்கு) இருக்க வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமானால் மென்பவளம் பட்டினியில் சுருங்கும். ‘சுத்தமான’ நீர் என்று பலர் தவறுவது இங்கேதான். எண்கள் விலகியிருந்தால் ஒரே நாளில் இழுக்காமல், 10 விழுக்காடு நீரை மாற்றி மாற்றிச் சரிசெய்யுங்கள்.

க. எழுதியது:

சதைக்கரைவு நன்று. முதல் சொல்லுக்குக் ‘கழல்வு’ என்பேன். பிரிவால் தோள் மெலிந்த தலைவியின் வளை, யாரும் கழற்றாமல் தானே கழலும். இங்கும் உடல் சுருங்குகிறது, மேலே இருப்பது கழல்கிறது. ‘உரிவு’ என்பதை அச்சில் ‘உரிமை’யின் பிழையாக வாசிப்பவர் உண்டு. அயோடின் குளியலுக்கு என்ன சொல்? ‘முக்கல்’ என்றால் முனகல் நினைவுக்கு வருகிறது. ‘தோய்ப்பு’?

இ. எழுதியது:

தோய்ப்புக்கு உடன்பாடு. கழல்வில் பற்று அறுபடும் துயரம் இருக்கிறது, பவளத்துக்கு இது புதுப்பிப்பு. உரிவே சரி.

மொ. எழுதியது:

நேரம் நெருங்கிவிட்டது. இ. ஐயா சொன்ன ‘உரிவு’ பக்கம் நானும் சாய்வதால் ‘படல உரிவு’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘பாம்பு சட்டை கழற்றுவதுபோல்’ என்று விளக்கம் சேர்க்கிறேன். ‘சதைக்கரைவு’, ‘தோய்ப்பு’ அப்படியே. மென்பவளம் மென்பவளமாகவே இருக்கும், இ. ஐயா பொறுத்தருள வேண்டும். நீ. சொன்ன அடையாளங்கள் இரண்டு சொற்களுக்கும் கீழே படத்தோடு வரும்.

க. எழுதியது:

படல உரிவில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ‘படலம்’ என்றாலே கண்நோய் நினைவுக்கு வருகிறது. அடுத்த பதிப்புக்கு முன் ‘மெழுகுக் கழல்வு’ என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.