செம்பனை எண்ணெயின் அமிலத்தன்மையைப் பிஎச் மானி காட்டுமா?

ஆலை ஆய்வகத்தான், குளுவாங் (மலேசியா):
எங்கள் செம்பனை ஆலையில் கச்சா எண்ணெயின் தனிக் கொழுப்பமிலத்தை, அதாவது கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலத்தை, இன்றும் காரம் சேர்த்து, பினால்ப்தலீன் என்னும் நிறங்காட்டியின் நிறமாற்றத்தைப் பார்த்தே கணக்கிடுகிறோம். எண்ணெய் கரோட்டினால் செந்நிறமாக இருப்பதால், எந்தத் துளியில் நிறம் மாறியது என்பதில் பகல் வேலையாளும் இரவு வேலையாளும் ஒத்துப்போவதில்லை. ஐசோபுரொப்பனால் என்னும் ஆல்ககாலில் கரைத்த எண்ணெயில் பிஎச் மானியின் மின்முனையை இறக்கி, மானி காட்டும் எண்ணைப் பதிவேட்டில் எழுதினால் இந்தச் சச்சரவு தீரும் என்பது என் கருத்து.

பகுப்பாய்வாளர்:
ஐயா, நீர்க்கரைசலில் அளவுதிருத்திய மானி, ஆல்ககாலில் காட்டும் எண்ணை நீரின் பிஎச் ஆகக் கொள்ள முடியாது. நீரில் அளவுகோலின் நீளம் 14. எத்தனாலில் ஏறக்குறைய 19. அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானில் 30ஐயும் தாண்டும். ஆகவே எத்தனாலின் நடுநிலைப் புள்ளி ஏழன்று, ஒன்பதரையை ஒட்டியது. எல்லாக் கரைப்பான்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை இங்கோ குரோசிங், ஈவோ லெய்ட்டோ முதலிய வேதியியலர் 2010இல் முன்மொழிந்ததற்குக் காரணமே இந்தச் சிக்கல்தான்.

ஆலை ஆய்வகத்தான்:
நீரோடு ஒப்பிட வேண்டிய தேவை எனக்கில்லை. அதே மானி, அதே கரைப்பான், அதே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டு, நேற்றைய எண்ணெயையும் இன்றைய எண்ணெயையும் ஒப்பிட்டால் போதும்.

பகுப்பாய்வாளர்:
அப்போதும் போதாது. கொழுப்பமிலம் வலுக்குறைந்த அமிலம். அதன் செறிவு இரட்டித்தாலும் பிஎச் ஏறத்தாழ 0.15 மட்டுமே இறங்கும். தனிக் கொழுப்பமிலம் மூன்று விழுக்காடு உள்ள எண்ணெய்க்கும், வாங்குவோர் பொதுவாக எல்லையாக வைக்கும் ஐந்து விழுக்காட்டு எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு 0.11 அளவில் அடங்கிவிடும். ஆல்ககாலில் கண்ணாடி மின்முனையின் ஈரப்படலம் வறள்வதாலும், ஒப்பிடுவதற்கான நிலையான மின்னழுத்தம் தரும் ஒப்பு மின்முனையில் உள்ள பொட்டாசியம் குளோரைடு, அது கரைசலைத் தொடும் சந்திப்பில் படிந்து அடைப்பதாலும் ஏற்படும் நகர்வு அதைவிடப் பெரிதாகவே இருக்கக்கூடும். இதை நம்பி ஒரு லாரி எண்ணெயின் விலையை முடிவுசெய்வது நியாயமாகாது.

ஆலை ஆய்வகத்தான்:
அப்படியானால் மின்முனையே வேண்டாம் என்கிறீர்களா?

பகுப்பாய்வாளர்:
இல்லை, அதனிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள் என்கிறேன். காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மின்னழுத்தம் சட்டெனத் தாவும் இடத்தைக் கண்டறியுங்கள். தாவும் இடத்தில் சேர்ந்திருக்கும் காரத்தின் கனஅளவே அமிலத்தின் அளவைத் தரும். அங்கே மானியின் எண் சற்று நகர்ந்திருந்தாலும் கணக்கு பெரிதும் கெடாது, எண்ணெயின் நிறமும் குறுக்கிடாது. பெட்ரோலிய எண்ணெய்களுக்கான, ஏஎஸ்டிஎம் என்னும் தரநிர்ணய அமைப்பின் டி664 முறையும் இவ்வாறே மின்னழுத்தத்தை வைத்து முடிவுப்புள்ளியைக் காண்கிறது.

ஆலை ஆய்வகத்தான்:
அந்த முறையில் டொலுயீன் என்னும் நச்சாவி தரும் கரைப்பானைச் சேர்க்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த எங்கள் அறையில் அதை அனுமதிக்க மாட்டேன்.

பகுப்பாய்வாளர்:
அனுமதிக்கவும் வேண்டாம், செம்பனை எண்ணெய்க்கு நடுநிலையாக்கிய வெதுவெதுப்பான ஐசோபுரொப்பனாலே போதும். ஒப்பு மின்முனைக்கு எத்தனாலில் கரைத்த லித்தியம் குளோரைடை நிரப்புங்கள். ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் மின்முனையைக் கரைப்பானால் கழுவி, சில நிமிடம் நீரில் ஊறவிடுங்கள்.