நாட்டிலஸா, மோடெக்ஸா, ஃபேன்டமா? வாசித்தவர்கள் சொல்லுங்கள்

மெல்லிசைக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன், 61 கட்டை போதும். கோர்க் நாட்டிலஸ், யமஹா மோடெக்ஸ்6 பிளஸ், ரோலண்ட் ஃபேன்டம்-06 மூன்றில் ஒன்றை எடுக்கப் போகிறேன்.

கோர்கில் ஒன்பது சவுண்ட் இன்ஜின் (ஒலியை உருவாக்கும் பகுதி), பியானோவும் ஆர்கனும் அபாரம், ஆனால் ஆன் செய்தால் தயாராக நேரம் பிடிக்கும், மேடையில் கரண்ட் போய் வந்தால் பாடகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். யமஹாவில் எஃப்எம்-எக்ஸ் என்ற எஃப்எம் முறை ஒலி இன்ஜின் இருப்பதால் எண்பதுகளின் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் எலக்ட்ரிக் பியானோ டோன் அப்படியே கிடைக்கும். ரோலண்டில் வாசித்ததைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் சீக்வென்சர் வசதி, பியானோ ரோல் என்ற கட்டத் திரையில் நோட்டைத் திருத்தலாம்.

எனக்குக் குழப்பம் கமகத்தில்தான். சுரத்தை வளைக்க யமஹாவில் பிட்ச் வீல் (உருட்டும் சக்கரம்), கோர்கில் ஜாய்ஸ்டிக், ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் லீவர். புல்லாங்குழல், நாகஸ்வரம் டோனில் தோடி மாதிரி ராகத்தை வளைத்து வாசிக்க எது கைக்கு அடங்குகிறது? அப்புறம், பழைய மோடெக்ஸ் பாதி விலைக்கு வந்தால் எடுக்கலாமா?