லீவுக்கு ஊருக்குப் போனால் ஆர்க்கிட்டுக்கு யார் தண்ணீர் விடுவது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கே.கே.நகர் பால்கனி

லீவு விட்டாச்சு, ஆளாளுக்கு ஊருக்குக் கிளம்பும் நேரம். ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் என்ன ஏற்பாடு செய்கிறீர்கள்? முதலில் என் கதை.

போன மே மாதம் கும்பகோணம் போனோம். எதிர்வீட்டு அக்கா, "நீ நிம்மதியாப் போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். சொன்னபடி ஒருநாள் விடாமல் பார்த்துக்கொண்டார், அதுதான் வினை. திரும்பி வந்தால் பால்கனியில் இருந்த டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டுகள் எல்லாம் ஜோராக இருக்கின்றன. ஹாலில் இருந்த ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டின் குருத்தைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பாக, கொழகொழவென்று. துளசி மாடத்துக்கு விடுகிற மாதிரி தினமும் காலையில் ஒரு செம்பு, உச்சியிலிருந்து ஊற்றியிருக்கிறார். பால்கனியில் காற்றும் வெயிலும் அதை உலர்த்திவிடும். பூட்டிய ஹாலில் இலைகளுக்கு நடுவே நின்ற தண்ணீர் எங்கே போகும்?

என்னைக் கேட்டால், வீட்டுக்குள் இருக்கும் ஆர்க்கிட்டுக்குக் காய்ந்துபோவதைவிட அக்கறைதான் ஆபத்து. இப்போது யாரிடம் ஒப்படைத்தாலும் "தண்ணீர் விடுங்க" என்று சொல்வதில்லை, "வேரைப் பாருங்க" என்கிறேன். வேர் வெள்ளிச் சாம்பலாக இருந்தால் விடலாம், பச்சையாக இருந்தால் தொட வேண்டாம். இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். விடுவதும் காலையில், ஓரமாக, குருத்தில் படாமல்.

பெரம்பூர் மொட்டைமாடி

மேடம் சொல்வது உள்ளே இருக்கும் செடிக்குச் சரி. மொட்டைமாடியில் வாண்டா வகை ஆர்க்கிட்டைத் தொங்கவிட்டிருப்பவன் கதை வேறு. வாண்டாவுக்கு மண்ணும் கிடையாது, கரியும் கிடையாது, டென்ட்ரோபியம் மாதிரி தண்ணீர் சேர்த்து வைக்கும் தடித்த தண்டும் கிடையாது. வெறும் வேர் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் காலை, மாலை இரண்டு வேளையும் நனைத்தாக வேண்டும்.

அதனால் குழாயில் பேட்டரி டைமர் போட்டேன், பச்சை வலைக்குக் கீழே பனி தூவும் ஃபாகர் மாட்டினேன், குடும்பத்தோடு ஊட்டி கிளம்பினேன். டைமர் சொன்ன நேரத்துக்குத் திறந்தது, மூடியது, அதில் ஒரு குறையும் இல்லை. டேங்கில்தான் தண்ணீர் இல்லை! அப்பார்ட்மெண்ட் பொது மோட்டார், யார் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் இலையெல்லாம் நீளவாக்கில் மடிந்து சுருங்கி, வேர் கையில் நொறுங்குகிறது.

வாளியில் அரைமணி நேரம் வேரை மட்டும் ஊறவைத்து, நிழலில் தொங்கவிட்டேன். தினமும் இதேதான். அடி இலைகள் உதிர்ந்தன, குருத்து பிழைத்தது. நல்ல வேளை, உரம் எதுவும் வைக்காமல் இருந்தேன்.

இப்போது பொது டேங்கை நம்புவதில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றை மேடையில் ஏற்றி, அதிலிருந்து தனி லைன். இங்கே ஒரு விஷயம்: சாதாரண சோலினாய்டு (மின்காந்த வால்வு) டைமர் தண்ணீர் அழுத்தம் இருந்தால்தான் சரியாகத் திறக்கும். டிரம் தண்ணீருக்கு பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் ball valve) வகை டைமர் கேட்டு வாங்க வேண்டும். அழுத்தம் இல்லாமல் ஃபாகரும் தூவாது, வெறுமனே சொட்டும். சரி, சொட்டட்டும் என்று வேருக்கு மேல் கொஞ்சம் தேங்காய் நார் சுற்றிவிட்டேன். பார்க்க லட்சணமாக இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. கிளம்புவதற்கு முன்னாடியே சில நாள் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள், அடைப்பு இருந்தால் அப்போதே தெரியும்.

மயிலாப்பூர்

நாங்கள் ஊருக்குப் போவது பொங்கலுக்குத்தான். தை மாதத்தில் இவ்வளவு பாடு இல்லை. தேங்காய் மட்டைத் துண்டில் இருக்கும் டென்ட்ரோபியத்தை நன்றாக நனைத்து, வெயில் படாத கிணற்றடியில் நெருக்கமாக வைத்துவிட்டுப் போவோம். ஒரு வாரம் தாங்கும். தண்டு லேசாகச் சுருங்கினாலும் தண்ணீர் கண்டதும் தேறிவிடும். கரியும் ஓட்டுத்துண்டும் போட்ட தொட்டிகள் சீக்கிரம் உலரும், அவற்றை மட்டும் தம்பி வந்து பார்ப்பான்.

வேளச்சேரி

யூடியூபில் பார்த்து, தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைத்துவிட்டுப் போகிறார்களே, ஈரப்பதத்துக்கு என்று. நம்ம ஊரில் அது கொசுப் பண்ணை. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எங்கள் தெருவில் கொசு ஒழிப்புக்கு வரும் கார்ப்பரேஷன் ஆட்கள் பூந்தொட்டித் தட்டைக்கூட விடாமல் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கீழ்வீட்டுக்காரருக்கு அபராதமே விழுந்தது. அதற்குப் பதில் செடிகளுக்குக் கீழே கோணிச்சாக்கை நனைத்து விரிக்கலாம். காய்ந்துபோனாலும் நஷ்டமில்லை.

இன்னொன்று, செடியைப் பாலிதீன் கவரில் கட்டிவிட்டுப் போவது. குளிர் நாட்டுக்காரர்கள் செய்யட்டும். மே மாதத்தில் பூட்டிய வீட்டுக்குள் என் தங்கை அப்படிச் செய்து, இலை முழுக்கப் பூஞ்சை.

புதிதாக வளர்ப்பவள், ஆதம்பாக்கம்

அக்கா, எங்கள் போர் தண்ணீர் உப்பு. வேர் நுனியெல்லாம் வெள்ளை படிகிறது. ஏசி தண்ணீரை விடலாமா? ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணீர்?

கே.கே.நகர் பால்கனி

ஏசி தண்ணீரில் உப்பு இருக்காது, தாராளமாக விடலாம்மா. ஆனால் நீ ஊரில் இருந்தால் இங்கே ஏசி எங்கே ஓடும்? கிளம்புவதற்கு முன்பே பிடித்து, மூடி போட்ட கேனில் சேர்த்து வை, பார்த்துக்கொள்பவர் அதிலிருந்து எடுத்து விடட்டும். மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. வேஸ்ட் மட்டும் வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் வந்து சேரும், போர் தண்ணீரைவிட மோசம். வாசல் கழுவ வைத்துக்கொள்.