பெயரை எடுத்துவிட்டால் போதுமா? ஏற்காடு மருத்துவ முகாம் பதிவுகள்

மலைமிளகு (ஏற்காடு):
எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மூன்று வருடமாக நடந்த மருத்துவ முகாம்களின் பதிவுகளை ஓர் ஆய்வுக் குழு கேட்கிறது. நோயை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் செய்கிறார்களாம். பெயர், செல் நம்பர், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, என்ன நோய், இவ்வளவுதான் இருக்கும். முகாம் நடத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. கொடுக்கலாமா?

கருப்பூர் கணினி:
தாராளமாகக் கொடுங்கள் அண்ணா. பெயரே இல்லாத பட்டியலில் யாரைப் போய்த் தேடுவது? மலை மக்களின் தரவு கையில் இல்லாவிட்டால், நகரத்து நோயாளிகளை வைத்துச் செய்த மென்பொருளைத்தான் உங்கள் ஊருக்கும் ஓட்டுவார்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது.

ஐந்துரோடு வாத்தியார்:
தம்பி, அந்த விலக்கு சும்மா வரவில்லை. தனி ஆள் ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, அரசு வகுக்கும் தரநிலையையும் பின்பற்ற வேண்டும்.

யாரைப் போய்த் தேடுவது என்கிறீர்கள். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை இப்படித்தான் பெயரை எடுத்துவிட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி அந்த மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் பெயரோடு பிறந்த தேதியும் இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தார். அங்கே குடியிருந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்த ஊரில் ஆறு பேருக்கு இருந்தது. அதில் மூவர் ஆண்கள். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது.

செவ்வாய்பேட்டை கொலுசு:
நான் ஒரு கண்காட்சியில் குலுக்கல் சீட்டில் நம்பர் எழுதிப் போட்டேன். பரிசு வரவில்லை, தினம் நாலு லோன் கால் வருகிறது. அவ்வளவுதான், தொடருங்கள்.

கருப்பூர் கணினி:
வாத்தியார் பாதிக் கதையைச் சொல்கிறார். 1996இல் வெல்ட் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனது ஊருக்கே தெரிந்த செய்தி. சாதாரண ஆளுக்கு அப்படி ஏது? நம் வாக்காளர் பட்டியலிலோ வயதுதான் இருக்கும், பிறந்த தேதி இருக்காது.

ஐந்துரோடு வாத்தியார்:
பிறந்த தேதிக்கு வாக்காளர் பட்டியல் எதற்கு? முச்சந்தி ஃபிளக்ஸைப் பாருங்கள், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸைப் பாருங்கள். கணக்கும் போடுவோம். 80 வயது வரை, வருடத்துக்கு 365 நாள், ஆண் பெண் என இரண்டு. பெருக்கினால் 58,400 அறைகள். ஏற்காட்டின் 636601 பின்கோட்டில் அவ்வளவு தலைகளே கிடையாது. பலர் அறைக்கு ஒருவராகத் தனியே உட்கார்ந்திருப்பார்கள்.

மலைமிளகு:
மயங்கி விழுந்தது செய்தியானது என்றீர்கள். இங்கே 108 வண்டி யாரை ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கியது என்பது மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் ஆளுநர்தான்.

கருப்பூர் கணினி:
சரி, அது நியாயம். பதிவையே கொடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். 2006இல் சிந்தியா டுவார்க் உள்ளிட்ட நால்வர் டிஃபரன்ஷியல் பிரைவசி என்று ஒரு முறை சொன்னார்கள். எண்ணிக்கையில் அளந்து ஒரு பிழையைக் கலந்துவிடுவது. நீங்கள் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வரும் விடை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இதைத்தான் கையாண்டார்கள்.

மலைச் செவிலி:
இதற்கு நான் ஒப்பமாட்டேன். ஒரு ஊரில் மூன்று பேருக்கு டிபி. உங்கள் பிழை கலந்தால் அது பூஜ்யமாகவும் வரும், ஒன்பதாகவும் வரும். பூஜ்யம் என்று வந்தால் அந்த ஊருக்கு மருந்து யார் கொண்டுபோவார்? ரகசியம் காக்கிறேன் என்று ஆளையே காணாமல் அடிக்கிறீர்கள்.

ஐந்துரோடு வாத்தியார்:
செவிலியம்மா சொல்வதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. பிழையின் அளவை எப்சிலான் என்ற எண் தீர்மானிக்கிறது. அதை 0.1 என்று வைத்தால் எண்ணிக்கை சராசரியாகப் பத்து பேர் கூடவோ குறையவோ செய்யும். சேலம் மாநகருக்கு அது தூசு, உங்கள் ஊருக்கு மொத்தமும் போச்சு. 1 என்று வைத்தால் பிழை ஒருவர்தான், ஆனால் ரகசியக் காப்பும் அந்த அளவுக்குத் தளரும். புதுக் கேள்வி ஒவ்வொன்றும் காப்பில் கொஞ்சம் தின்னும். 2021இல் அலபாமா மாநிலம் கணக்கெடுப்பில் பிழை கலப்பதை எதிர்த்துக் கோர்ட்டுக்கே போனது.

கருப்பூர் கணினி:
அப்படியானால் தரவை வெளியே விடாமல், ஆய்வாளரின் புரோகிராமை உள்ளே வரவையுங்கள். இங்கிலாந்தில் 2020இல் கோவிட் ஆய்வுக்கு ஓப்பன்சேஃப்லி என்று செய்தார்கள். நோயாளிப் பதிவு இருந்த இடத்திலேயே இருந்தது, விடை மட்டும் சரிபார்த்து வெளியே வந்தது.

மலைச் செவிலி:
அங்கே சரி. இங்கே எங்கள் பதிவு நோட்டில் பாதி, எக்செல்லில் பாதி. கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டியிருக்கிறது.

மலைமிளகு:
குழுவிடம் போனில் பேசினேன். நாள், மாதத்தோடு பிறந்த தேதி எதற்கு என்று கேட்டேன். "உங்க ஃபார்மில் இருந்தது, அதனால் கேட்டோம்" என்றார்கள்! ஐந்து வருட வயது வரம்பு போதுமாம். பின்கோட்டுக்குப் பதில் மலையா சமவெளியா என்று மட்டும் கொடுத்தாலும் சரியாம்.

ஐந்துரோடு வாத்தியார்:
நல்லது. ஆனால் ஒரு வரம்பில் ஐந்து பேர் இருந்து, ஐவருக்கும் ஒரே நோய் என்றால்? பட்டியலில் யார் எந்த வரி என்று தெரியாமலே நோய் தெரிந்துவிடும். அந்த வரிகளைத் தனியே பிரித்து எடுங்கள்.

மலைமிளகு:
எடுக்கிறேன். மீதியை வெளியே அனுப்பப் போவதில்லை, அவர்களே புரோகிராமோடு மலையேறி வருகிறார்களாம். கரண்ட் இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். மானிட்டரில் ஒட்டிய சீட்டை இப்போதுதான் கிழித்தேன்.